திட்டாத கடிதம்

தூகான்,
12 நவம்பர் 1984

என் அடிமை ரஸ்மானே பெலெமுக்கு,

உன் எசமானி சலிமத்தா திராபோ எழுதுவது. உயிரோடு இருக்கிறாயா, இல்லை அபிஜான் கடல் உன்னை முழுங்கிவிட்டதா? முழுங்கியிருந்தால் கடலுக்கு வயிற்றுவலி வந்திருக்கும், சேதி ரேடியோவிலும் வந்திருக்கும். அப்படி ஒன்றும் வராததால் உயிரோடுதான் இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் தண்ணீர் வந்த அடுத்த வாரமே மூட்டையைக் கட்டிக்கொண்டு போனாயே, ஒரு வார்த்தை சொன்னாயா? கிணறு வெட்டிய உன் கூட்டாளிகளைக் கேட்டேன். "அவனுக்குத் துறைமுகத்துல வேலை கெடச்சிருச்சு டீச்சர்" என்றார்கள். மோசிக்காரன் கடற்கரைக்குப் பிழைக்கப் போவது புதிதில்லை. ஆனால் நம் இரண்டு இனத்துக் கேலிமுறைப்படி பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து உங்கள் மோசி எங்கள் சாமோவுக்கு அடிமை. அடிமை ஊரை விட்டுப் போகும்போது சாமோக்காரியிடம் உத்தரவு வாங்க வேண்டாமா? நீங்கள் இதையே திருப்பிப் போட்டு, நாங்கள்தான் உங்களுக்கு அடிமை என்று சொல்லித் திரிவது எனக்கும் தெரியும். நாய்த்தலை தின்கிற கூட்டம் வேறென்ன சொல்லும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாட்டுக்குப் பெயர் 'புர்க்கினா ஃபாசோ' என்று மாறிவிட்டது அல்லவா? எங்கள் பாடப்புத்தகத்தில் இன்னும் 'மேல் வோல்ட்டா' என்றே இருக்கிறது. புதுப் புத்தகம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரைக்கும் 'நம் நாடு' என்று ஒரு பக்கப் பாடத்தை அவரவரே எழுதிக்கொள்ளுங்கள் என்று ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போனார். பழைய பாடத்தின் முதல் வரி இது: 'நம் நாடு ஏழை நாடு, அதற்குக் கடல் இல்லை.' பிள்ளைகளிடம் படித்துக் காட்டினேன். பின் பெஞ்சிலிருந்து பிந்து என்ற வாயாடி எழுந்து, "டீச்சர், கடல்னா என்ன? அது இல்லாததுக்கு நாம என்ன தப்பு பண்ணோம்?" என்று கேட்டாள். நானும் கடலைப் பார்த்ததில்லை.

நீதான் இப்போது அதன் பக்கத்திலேயே குடியிருக்கிறாய். பார்த்து எழுது. எழுதாவிட்டால் உன் ஊர் வாஹிகூயாவுக்கு ஆளனுப்பி உன் மாமாவிடம் சொல்லி உதைக்கச் சொல்வேன்.

உன் எசமானி,
சலிமத்தா

*

அபிஜான்,
9 டிசம்பர் 1984

மதிப்பிற்குரிய ஆசிரியை சலிமத்தா திராபோ அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். தாங்களும், தங்கள் தாயாரும், பெரியப்பா மூமுனி அவர்களும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

தாங்கள் கேட்ட விவரம். கடல் என்பது மிகப் பெரிய தண்ணீர். அக்கரை தெரியாது. சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் உப்பு, ஒரு வாய்கூடக் குடிக்க முடியாது. கிணறு வெட்டுகிறவனுக்கு அதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

நாட்டைப் பற்றி இங்கிருந்து தெரிவதை எழுதுகிறேன். ஐவரி கோஸ்ட்டின் இந்தத் துறைமுகத்தில் நம் நாட்டுக்கென்று ஒரு கொட்டகை இருக்கிறது. எனக்கு அதில்தான் வேலை. கப்பலில் வரும் சிமெண்ட், சர்க்கரை, பால் டின், மருந்து எல்லாம் அங்கே கிடக்கும். சாக்குகளில் பழைய பெயரை அடித்துவிட்டு மேலே புதுப் பெயரை எழுதுவதும் என் வேலைதான். பிறகு எல்லாம் ரயிலேறிப் போகும். திரும்பி வருகிற ரயிலில் நம் பருத்தி வரும், வெண்ணெய் எடுக்கிற ஷியா கொட்டை வரும், மாடு வரும். மாட்டோடு ஆட்களும் வருவார்கள். காப்பித் தோட்டத்திலும் கோக்கோ தோட்டத்திலும் பங்களா வாசலிலும் நம் ஆள் இல்லாத இடமே இங்கே கிடையாது. பாடத்தில் அதையும் தாங்கள் சேர்க்கலாம். நாட்டில் பெரிய பங்கு ஜனம் அடுத்தவர் வீட்டில்தான் இருக்கிறது.

பாடம் நல்லபடியாக அமைய வாழ்த்துகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ரஸ்மானே பெலெம்

*

தூகான்,
2 ஜனவரி 1985

ரஸ்மானே,

யார் செத்துப்போனது? உண்மையைச் சொல். உன் அம்மா நன்றாக இருக்கிறாளா? உனக்கு ஏதாவது நோயா?

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். 'மதிப்பிற்குரிய' என்ற இடத்திலேயே அவள் கம்பு புடைப்பதை நிறுத்திவிட்டாள். "மறுபடி படி" என்றாள். மறுபடி படித்தேன். "ஒரு திட்டுகூட இல்லையேடி! அந்தப் பையன் என்னமோ ஆயிட்டான்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா கேட்டுவிட்டு, "இது மோசி எழுதினதே இல்ல, வேற யாரோ எழுதியிருக்கான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். உன் கையெழுத்துதான் என்று காட்டினேன். கிணற்றுச் சிமெண்டில் நீ கிறுக்கிய அதே கோணல் எழுத்து.

உங்களுக்கும் எங்களுக்கும் கேலிமுறை என்பது நாம் இரண்டு பேரும் உண்டாக்கியதா? எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் பிணத்தின் பக்கத்திலேயே நின்று கேலி பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட எங்களுக்கு உரிமை இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. அதுதான் முறை. நீ கோபப்பட்டிருக்கிறாய் என்று தெரிகிறது. எதற்கென்று தெரியவில்லை. மரியாதையாக எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து திட்டி எழுது.

உன் கடல் வருணனையைப் பிள்ளைகளுக்குப் படித்தேன். குடிக்க முடியாத தண்ணீர் என்றதும் கடல் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. "அப்ப அவங்கதான் ஏழை" என்றான் ஒருவன்.

அப்புறம் ஒரு விளையாட்டு வைத்தேன். நம் அண்டை நாடுகள் ஆறு. ஆறு பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து ஆளுக்கொரு பெயர் கொடுத்தேன்: மாலி, நைஜர், பெனின், டோகோ, கானா, ஐவரி கோஸ்ட். நடுவில் பிந்துவை நிறுத்தினேன். "நீதான் நம்ம நாடு. உன்னைச் சுத்தி ஆறு பேரு, கடலுக்குப் போக வழியில்ல. இப்ப என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கைவைத்து, "நான் எதுக்கு டீச்சர் போகணும்? மாலி டோகோவைப் பாக்கணும்னா என் வாசல் வழியாத்தான் வரணும். செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். நான் பலகைப் பக்கம் திரும்பி நின்று சிரித்தேன். பாடத்தின் முதல் வரியை அப்போதே அழித்துவிட்டேன். இப்போது இப்படி வைத்திருக்கிறேன்: 'நம் நாட்டைச் சுற்றி ஆறு வீடுகள் இருக்கின்றன. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க நம் முற்றம் வழியாகப் போகிறார்கள்.'

புதுப் பெயரில் எனக்கொரு குறை உண்டு. 'புர்க்கினா' உங்கள் மோசி வார்த்தை, நேர்மையானவர்கள் என்று அர்த்தமாம். 'ஃபாசோ' ஜூலாக்காரர்கள் வார்த்தை, தகப்பன் வீடு. எங்கள் சாமோ பாஷைக்கு ஓர் எழுத்துகூட இல்லை. பெரியப்பாவிடம் புலம்பினேன். "வீட்டுக்காரன் பேரைப் பலகையில எழுத மாட்டாங்கம்மா, வாடகைக்கு இருக்கிறவன் பேரைத்தான் எழுதுவாங்க" என்றார். மோசிக்காரன் நேர்மையைப் பற்றிப் பேசுகிற காலம் வந்துவிட்டது, பார்.

பதில் போடு. உடனே போடு.

சலிமத்தா

*

அபிஜான்,
3 பிப்ரவரி 1985

சலிமத்தா,

யாரும் சாகவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உனக்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு எனக்குக் கோபம் இன்னும் கூடிவிட்டது. சரி, எழுதிவிடுகிறேன். எழுதினால் ஒருவேளை நெஞ்சை விட்டுப் போகும்.

கிணற்றில் தண்ணீர் வந்த அன்று ஊரே கூடியிருந்தது. அந்த வறட்சியில் மூன்று இடம் தோண்டி மூன்றும் பாறையாகப் போய், நாலாவது இடத்தில் ஈரமண் வந்தது. என்னை மேலே இழுத்தபோது தலை முதல் கால் வரை சேறு. முதல் வாளியை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டார்கள். நான் உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "சலிமத்தா, என்னைக் கட்டிக்கிறியா?" என்றேன்.

நீ என்ன சொன்னாய் என்று ஞாபகமிருக்கிறதா? "கட்டிக்கிறேனே! என் கழுதை போன மாசம்தான் செத்துச்சு. வாளி இழுக்க ஆள் வேணும்" என்றாய். ஊர் முழுக்கச் சிரித்தது. உன் பெரியப்பா சிரித்துச் சிரித்துத் தடியை விட்டுவிட்டார். என் கூட்டாளிகள்கூடச் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வேறென்ன செய்வது?

அந்தக் கேள்வியைக் கேட்கத் தைரியம் வர எனக்கு ஒரு வறட்சிக்காலம் முழுக்க ஆயிற்று. மேலே வெயிலில் நிற்கும்போது வராத தைரியம் கிணற்றுக்குள்ளே இருக்கும்போது வந்தது. அவ்வளவுதான் விஷயம். இனி இதைப் பற்றி எழுத மாட்டேன்.

உன் பாடம் நன்றாக இருக்கிறது. ஆனால் முற்றத்தில் நடக்கிறவர்களைத்தான் எழுதியிருக்கிறாய். வீட்டை விட்டு வெளியே போனவர்களைக் காணோம். அவர்களும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தானே? இங்கே சனிக்கிழமைகளில் நம் ஆட்கள் ஒன்றுசேர்ந்து கம்பங்களி கிண்டுகிறோம். கம்பு சரியில்லை, வெண்டைக்காய் சரியில்லை என்று எல்லாரும் குறை சொல்லிக்கொண்டே சட்டியை வழித்துத் தின்கிறோம். அதை ஒரு வரி எழுதேன்.

ரஸ்மானே

*

தூகான்,
1 மார்ச் 1985

மடையனே,

படுமடையனே, கிணற்றுத் தவளையே, சேற்றுப் பன்றியே! இதெல்லாம் கேலிமுறைத் திட்டு இல்லை. உண்மையாகவே திட்டுகிறேன்.

அதற்குப் பெயர் பெண் கேட்பதா? ரஸ்மானே, இந்த ஊரில் ஒரு சாமோப் பெண்ணை மோசிக்காரர்கள் எத்தனை பேர் 'கட்டிக்கிறியா' என்று கேட்கிறார்கள் தெரியுமா? இன்று காலையில் தபால் லாரிக்காரன் கேட்டான். அவனுக்குப் பல் இல்லை, இரண்டு பெண்டாட்டி இருக்கிறார்கள். நேற்று சந்தையில் உப்பு விற்கிறவன் கேட்டான். "நாய்த்தலை தின்கிறது நீங்கதான், ஆனாலும் உன்னைக் கட்டிக்கிறேன்" என்றான். ஒவ்வொருவனுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் எங்கள் ஆண்கள் உங்கள் பெண்களிடம் இதைத்தான் பேசுகிறார்கள். 'நல்லா இருக்கியா' என்று கேட்பதுபோல இது. நீ தலையிலிருந்து சேறு வழிய, கையில் வாளியோடு, ஊர் முன்னால் வந்து கேட்டால் நான் அதை எப்படி எடுத்துக்கொள்வேன்? உன் முகத்தில் சேறு இருந்தது. முகமே தெரியவில்லை!

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் மூடி வைத்துவிட்டேன். இப்போது மறுபடி எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் சொன்ன பதிலுக்கு எல்லாரையும் போல நானும்தான் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போய்க் களி கிண்டும்போது என் கை நின்றுபோயிற்று. அம்மா, "என்னடி, அடிபிடிக்குது பாரு" என்று கத்தினாள். அடுத்த நாள் கேலியாக உன்னிடம் கேட்டுவிடலாம் என்று கிணற்றடிக்கு வந்தேன். அதற்கடுத்த நாளும் வந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் நீ இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஒரு மோசிக்காரன் ஊரை விட்டுப் போனதற்குச் சாமோக்காரி அழுதாள் என்றால் வெட்கக்கேடு, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது கேட்டுக்கொள். தெதுகூவில் சுங்க அலுவலர் ஒருவர் இருக்கிறார். பக்காரி என்று பெயர். நல்ல மனிதர். எங்களுக்கும் அவர்களுக்கும் கேலிமுறை கிடையாது. இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். தாங்கள் நலமா, பள்ளிக்கூடம் நலமா, பிள்ளைகள் நலமா என்று கேட்டார். நலம், நலம், நலம் என்று சொன்னேன். மழை தொடங்குமுன் அவர் வீட்டார் கோலா கொட்டை கொண்டுவரப் போகிறார்கள். பெரியப்பா அதைப் பங்கு போட்டு எல்லாருக்கும் கொடுத்து, எல்லாரும் மென்றுவிட்டால் நிச்சயம் முடிந்தது; அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் 'குறையொன்றும் இல்லை' என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த மனிதரிடம் குறையும் இல்லை, சிரிக்கவும் ஒன்றும் இல்லை.

நீ கேட்டது உண்மை என்றால் உண்மையாகக் கேள். என்னைக் கேட்காதே, என் வாய்க்கு உன்னைக் கண்டால் கேலி மட்டும்தான் வரும். முறைப்படி கேள். சாமோக்காரனால் சிரிக்க முடியாத மாதிரி கேள். அது முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

சலிமத்தா

பி.கு. வெளியே போனவர்களைப் பற்றி எழுதிவிட்டேன். 'நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அண்டை வீடுகளில் வேலை செய்கிறார்கள். அங்கே கிண்டும் களி அவர்களுக்குப் பிடிப்பதில்லை.' போதுமா?

*

அபிஜான்,
31 மார்ச் 1985

சலிமத்தா,

உன் கடிதத்தைக் கொட்டகையில் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். மேஸ்திரி வந்து, "என்னய்யா, அழறியா சிரிக்கிறியா?" என்றார். எனக்கே தெரியவில்லை என்றேன்.

சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. எத்தனையோ மாதம் ஒரு சிரிப்புச் சத்தம் காதிலேயே இருந்தது. இப்போது அது இல்லை. நான் முகம் கழுவிவிட்டு வந்திருக்க வேண்டும். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு நாள் கிணற்றடிக்கு வந்தவள் ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம் இல்லையா?

இப்போது சிக்கலைப் பார். முறைப்படி கேட்க என் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கோலா கொட்டையோடு உன் பெரியப்பா வீட்டுக்கு வர வேண்டும். என் பக்கத்தில் யார் வந்தாலும் அவர் மோசி. மோசி உள்ளே நுழைந்ததுமே உங்கள் வீட்டில் கூத்துத் தொடங்கிவிடும். அவர் வாயைத் திறக்குமுன் கழுதையைப் பற்றியோ நாய்த்தலையைப் பற்றியோ நாலு பேர் பேசுவார்கள். அவரும் பதிலுக்குப் பேசுவார். பேசாமல் எந்த மோசியால் இருக்க முடியும்? முடிவில் எல்லாரும் சிரித்துவிட்டுக் கலைந்து போவீர்கள். சுங்க அலுவலர் நிதானமாக வந்து கொட்டையைக் கொடுத்துவிட்டுப் போவார்.

யோசித்துப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் கேலி பேசத் தெரியாதவர் ஒரே ஒருவர்தான், என் தாய்மாமா ஹமீது. சைக்கிள் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் நாங்கள், மாமாவுக்குப் பல் இருக்கிறதா இல்லையா என்று பந்தயம் கட்டுவோம். அவருக்கு எழுதியிருக்கிறேன். என்ன சொன்னாலும் பதில் பேச வேண்டாம், கேட்க வந்ததைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நோன்புக்கு முன் வருவார்.

அவர் வந்தால் நீ சிரிக்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உன்னோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இதை எழுத ஒரு கடிதம் முழுக்கச் சுற்றிவிட்டேன்.

ரஸ்மானே

*

தூகான்,
19 மே 1985

ரஸ்மானே,

உட்கார்ந்துகொள். மேஸ்திரி பக்கத்தில் இருந்தால் அவரையும் உட்காரச் சொல்.

உன் மாமா போன வாரத்து வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு வந்தார். மொபெட்டில் வாஹிகூயாவிலிருந்து வந்திருக்கிறார்; வெள்ளை அங்கி செம்மண் நிறத்தில் இருந்தது. முற்றத்து வேப்பமரத்தடியில் பெரியப்பாவும் சித்தப்பாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சமையல் கொட்டகையில் இருந்தேன். எல்லாம் கேட்டது.

பெரியப்பா அவரைப் பார்த்ததுமே தொடங்கிவிட்டார். "வாடா அடிமை! இத்தனை வருஷம் எங்கடா ஓடிப்போயிருந்தே? தோட்டத்துல களை மண்டிக் கெடக்கு!"

உன் மாமா குனிந்து வணக்கம் சொன்னார். "ஐயா, பொண்ணு கேட்டு வந்திருக்கேன்."

அவ்வளவுதான், முற்றமே அதிர்ந்தது. "பொண்ணு கேக்குறானாம்! குதிரையையும் சேத்துக் கேளுடா!" என்றார் சின்னச் சித்தப்பா. "எந்தப் பொண்ணுடா வேணும்? கண்ணில்லாத கெழவி ஒருத்தி இருக்கா, கூட்டிட்டுப் போறியா?" என்றார் இன்னொருவர். உன் மாமா அசையவில்லை. "சலிமத்தாவை, என் மருமவன் ரஸ்மானேவுக்கு" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. "யாரு, அந்தச் சேத்துப் பன்னியா!" நான் உன் வார்த்தைப்படி சிரிக்கவில்லை. பயத்தில் அகப்பையைக் கடித்துக்கொண்டிருந்தேன். இவரும் எழுந்து போய்விடுவார், முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவர் போகவில்லை. அங்கிக்குள்ளிருந்து இலைப் பொட்டலத்தை எடுத்து, இரண்டு கையாலும் பெரியப்பா முன் வைத்துப் பிரித்தார். வெள்ளைக் கொட்டையும் சிவப்புக் கொட்டையும், ஒன்றுகூடச் சொத்தை இல்லை. பெரியப்பாவுக்குக் கோலா என்றால் உயிர், உனக்குத் தெரியும். கண் விரிந்துவிட்டது. "பாத்தீங்களாடா, அடிமைங்க கப்பம் கொண்டாந்திருக்காங்க! எல்லாரும் வாங்கடா, எசமானுங்க பங்கை எடுத்துக்கங்க!" என்று கூப்பிட்டார். சித்தப்பாக்கள் எடுத்தார்கள். அண்ணன்மார் எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாகக் கைநீட்டி வாங்கினார். எல்லாரும் மென்றார்கள். "அடிமை நல்ல கொட்டையாத்தான் வாங்கியிருக்கான்" என்று பாராட்டு வேறு.

உன் மாமா கடைசி ஆள் முழுங்கும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு இரண்டு கையையும் ஏந்தி, சத்தமாக துவா ஓதினார். ஓதுகிறாரே என்று எல்லாரும் பழக்கத்தில் "ஆமீன்" சொன்னார்கள். அவர் முகத்தைத் தடவிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷங்க. தின்னுட்டீங்க" என்றார்.

பெரியப்பாவின் தாடை நின்றுவிட்டது.

"துப்பிடலாமா?" என்று சின்னச் சித்தப்பா மெதுவாகக் கேட்டார். அம்மா சமையல் கொட்டகையிலிருந்து வெளியே போய், "முழுங்கினதை எப்படிடா துப்புவே? ஆமீன்னு வேற சொல்லித் தொலைச்சிருக்கீங்க" என்றாள். அப்போது உன் மாமா சிரித்தார், ரஸ்மானே. நிஜமாகச் சிரித்தார். பல் எல்லாம் இருக்கிறது. யார் பந்தயம் கட்டினார்களோ அவர்களிடம் சொல்.

பெரியப்பா சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "சலிமத்தா, நாங்க வெளையாட்டுன்னு நெனச்சுத் தின்னுட்டோம். உனக்கு இது வெளையாட்டா, நெசமா? வெளையாட்டுன்னா சொல்லு, இவருக்கு வேற கொட்டை வாங்கிக் குடுத்து மரியாதையா அனுப்பிடறேன். தெதுகூக்காரங்க அடுத்த வாரம் வருவாங்க. நீ சொல்றதுதான்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் மாமாவும் பார்த்தார். என் நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக நின்றது. அருமையான பதில், சொல்லியிருந்தால் தூகான் முழுக்க ஒரு வருஷம் சொல்லிச் சிரிக்கும். அதை முழுங்கினேன்.

"நெசம் பெரியப்பா" என்றேன்.

அவர்கள் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். "அவ்வளவுதானா?" என்றார் சின்னச் சித்தப்பா. "அவ்வளவுதான்" என்றேன். அம்மா அழுதாள். பெரியப்பா, "என் வாயே எனக்குச் சூனியம் வச்சிருச்சு" என்று சொல்லி, மிச்சமிருந்த ஒரு கொட்டையையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பக்காரியின் வீட்டுக்குப் பெரியப்பாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்களாம். நல்ல மனிதர் என்றுதான் சொன்னேனே.

இரண்டு நாள் முன்னால் முதல் மழை பெய்தது. பள்ளிக்கூடத்தில் பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே போய் நனைந்தோம். எப்போது வருகிறாய்?

சலிமத்தா

*

பொபோ ரயில் நிலையம்,
6 ஜூலை 1985

என் சலிமத்தாவுக்கு,

துறைமுக வேலையை விட்டுவிட்டேன். வாஹிகூயாப் பக்கம் கிணற்று வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், பேசிவிட்டேன். வண்டி இங்கே நின்று நேரமாகிறது. இஞ்சின் கோளாறாம். தபால் பெட்டி எதிரிலேயே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நான் இங்கிருந்து லாரி பிடித்து தெதுகூ வழியாக வருகிறேன். தபாலும் அதே லாரியில்தான் வரும். மூட்டையில் கிடந்து, பிரித்து, கொண்டுவந்து கொடுக்கிறதற்குள் நான் உன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பேன்.

எல்லை தாண்டியதும் பெட்டியில் எல்லாரும் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். அங்கே தோட்டத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவர்கள். பச்சை தெரிகிறதா, கம்பு எவ்வளவு உயரம், ஏரியில் தண்ணீர் நிற்கிறதா என்று கத்திக்கொண்டு வந்தார்கள். கம்பு முழங்கால் உயரம் இருந்தது. ஒரு கிழவர் அதைப் பார்த்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். யார் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு சாமோக்காரன் இருந்தான், துமா ஊர்க்காரன். நான் மோசி என்று தெரிந்ததும் என் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தான். தூகானில் கல்யாணம் செய்யப் போகிறேன் என்றேன். "பொய் சொல்லாதடா" என்றான். உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டு மிச்சச் சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

நேரில் பார்த்தால் நீ என்னைத் திட்டுவாய். நான் திருப்பித் திட்டுவேன். உன் பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். சாகும் வரைக்கும் அப்படித்தான் போகும், எனக்கு அதில் சந்தோஷம்தான். அதனால் வாயால் சொல்ல முடியாததை இப்போதே எழுதிவிடுகிறேன். சலிமத்தா, நான் உன்னை ரொம்ப நேசிக்கிறேன். நீ இல்லாத ஊரில் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் பக்கத்தில்தான் இருப்பேன். என்னைப் பார்க்காமல் படித்து முடி. அன்றைக்கு நீ பெரியப்பாவிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் காகிதத்தில்தான் பார்த்திருக்கிறேன். படித்து முடித்ததும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அதை என்னிடம் ஒரு தடவை சொல்.

ரஸ்மானே